பத்துக் கிலோ வெண்டைக்காயை யார் வாங்குவார்கள்? ஒரு தோட்டமும் ஒரு உழவர் சந்தையும்

என் மனைவியின் சித்திக்கு ஈரோட்டிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள் ஒன்றேமுக்கால் ஏக்கர் தோட்டம். கிணற்றுப் பாசனம், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் கூடுதல் தெம்பு. போன மாதம் போயிருந்தபோது அந்த நிலத்தில் என்னென்ன நிற்கிறது என்று சும்மா எண்ணிப் பார்த்தேன். வெண்டை, கத்தரி, கொத்தவரை, பந்தலில் புடலையும் பீர்க்கனும், வரப்பில் தட்டைப்பயறு, நாலு பாத்தி அரைக்கீரை, ரெண்டு பாத்தி பாலக்கீரை, கொஞ்சம் மணத்தக்காளி, வேலி ஓரம் முருங்கையும் அகத்தியும், மிளகாய், சின்ன வெங்காயம், மூலையில் இருபது சென்ட் மஞ்சள். பதினாலு. பதினைந்து வருஷம் முன்னால் இதே நிலத்தில் ஒரே பயிர்தான், வரப்புக்கு வரப்பு மஞ்சள்.

இதைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் "ஓ, இயற்கை விவசாயமா?" என்று கேட்பார்கள். அதெல்லாம் இல்லை. சித்தி தேவைப்பட்டால் யூரியாவும் போடுவார், மருந்தும் அடிப்பார். பலபயிர் சாகுபடி பற்றி யாரும் வந்து வகுப்பு எடுக்கவும் இல்லை. ஏன் மாறினீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது ஒரே வரி: "மண்டியில பத்துக் கிலோ வெண்டக்காயக் கொண்டுபோனா மொகத்தக் கூடப் பாக்க மாட்டான் கண்ணு, சந்தையில அந்தப் பத்துக் கிலோவத்தான் கேக்கறாங்க."

சிறு விவசாயியைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வயலில் இருந்து பேச்சை ஆரம்பிக்கிறார்கள். விதை, உரம், சொட்டு நீர், காப்பீடு என்று. எனக்கு என்னவோ அது வால் பக்கம் இருந்து பிடிப்பதாகப் படுகிறது. சந்தை எதை, எந்த அளவில் வாங்கத் தயாராக இருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் விவசாயி பாத்தி கட்டுகிறார். இந்த ஒரு தோட்டத்தையும் அது போய்ச் சேருகிற, விவசாயியே உட்கார்ந்து நேராக விற்கிற உழவர் சந்தையையும் வைத்து அதைத்தான் சொல்லப் பார்க்கிறேன். சந்தையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, கொஞ்சம் குறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மஞ்சள் கவிழ்த்த கதை

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் என்றால் அது வெள்ளாமை மட்டுமில்லை, ஒரு மாதிரியான சீட்டாட்டமும்கூட. வைகாசி, ஆனியில் கிழங்கை ஊன்றினால் தை, மாசியில்தான் வெட்டு. அப்புறம் வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறு பிரித்து, மூட்டை போட்டு, விலைக்குக் காத்திருக்க வேண்டும். ஏறக்குறைய ஒரு வருஷம் முழுக்கக் காசு உள்ளே போய்க்கொண்டே இருக்கும், வெளியே வருவது ஒரே ஒரு தடவை.

2010 கடைசியிலும் 2011 தொடக்கத்திலும் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டி ஓடியது. ஊரே மஞ்சளுக்கு மாறியது, காட்டை விற்றவர்கள்கூட குத்தகைக்குப் பிடித்து நட்டார்கள். 2012ல் அதே குவிண்டால் 4,000 பக்கம் வந்து நின்றது. விதைக்கிழங்கை உச்ச விலையில் வாங்கி நட்டவர்கள் விளைச்சலை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். சித்தி வீட்டில் அந்த வருஷம் நகை அடகுக்குப் போனது, மூத்தவனின் கல்லூரிக் கட்டணம் கடனில் போனது. இதில் தப்பு யாருடையது என்று கேட்டால் பதில் கிடையாது. விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் கொடுமை.

அப்போது சித்தப்பா மேலும் கடன் வாங்கி மறுபடி மஞ்சளே நடலாம், அடுத்த வருஷம் ஏறும் என்றார். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. அறுபது சென்ட்டைப் பிரித்துத் தன் கையில் எடுத்துக்கொண்டு காய்கறி போட்டார். முதல் வருஷம் காயை மண்டிக்குத்தான் கொண்டுபோனார்கள்.

மண்டி எப்படி நடக்கிறது என்பது தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு: கமிஷன் மண்டியில் உங்கள் மூட்டையை இறக்குகிறீர்கள், ஏலமோ பேரமோ நடக்கிறது, விற்ற விலையில் பொதுவாக நூற்றுக்குப் பத்து ரூபாய் கமிஷன், இறக்கு கூலி தனி, சாக்கு தனி, எடையில் கழிவு தனி. மண்டிக்காரரைக் கெட்டவராக்கிப் பேசுவது சுலபம். ஆனால் விதை வாங்கக் காசில்லாத ஜூன் மாதத்தில் கேட்டவுடனே எடுத்துக் கொடுக்கிற ஆளும் அவர்தான், பத்திரம் கேட்காமல். அந்த முன்பணத்துக்கு வட்டி என்று தனியாக எதுவும் எழுதமாட்டார், காய் அவரிடம்தான் வரவேண்டும் என்பதுதான் வட்டி. மண்டிக்கு வேண்டியது ஒரே ரகம், ஒரே அளவு, மூட்டை மூட்டையாக. லாரியில் வெளியூர் போகிற சரக்கு அது. அங்கே ஆறு கிலோ கொத்தவரை, எட்டுக் கிலோ புடலை, நாலு கட்டுக் கீரை என்று போய் நின்றால் சிரிப்பார்கள். அதனால் மண்டியை நம்புகிற ஆள் ஒரே காயை ஒரே நேரத்தில் போடுவார், பக்கத்துக் காட்டுக்காரரும் அதையே போடுவார், எல்லார் காயும் ஒரே வாரத்தில் வந்து இறங்கும், விலை விழும். தக்காளியை ரோட்டில் கொட்டுகிற படம் வருஷம் தவறாமல் ஏன் வருகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை.

2024ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஒரு ஆய்வு, நுகர்வோர் கொடுக்கிற ஒரு ரூபாயில் தக்காளி விவசாயிக்கு 33 காசு, வெங்காய விவசாயிக்கு 36 காசு, உருளைக்கிழங்குக்கு 37 காசு போய்ச் சேருவதாகச் சொன்னது. மிச்சம் வழியில் நிற்கிறது. எல்லாமே கொள்ளை இல்லை, வண்டி வாடகை, அழுகல், கடை வாடகை எல்லாம் அதற்குள்ளேதான். இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு.

அட்டை, தராசு, பலகை

உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் தொடங்கியது, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது. யோசனை புதிதல்ல. பஞ்சாபில் 1987லேயே 'அப்னி மண்டி' வந்துவிட்டது, ஆந்திராவில் அதே 1999 ஜனவரியில் 'ரைத்து பஜார்' வந்தது. தமிழ்நாட்டில் ஒன்றரை வருஷத்துக்குள் நூறை ஒட்டிச் சந்தைகள் திறந்தார்கள், இன்றைக்கு 180க்கு மேல் இருக்கின்றன.

இந்தத் திட்டத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் 'இடைத்தரகர் ஒழிப்பு' என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைவிட, அதற்குள் இருக்கிற மூன்று சின்ன ஏற்பாடுகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

முதலாவது அட்டை. நிலம் இருக்கிறதா, அதில் என்ன பயிர் நிற்கிறது, எவ்வளவு பரப்பு என்று பார்த்துவிட்டுப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுக்கிறார்கள். அட்டை இருந்தால்தான் உள்ளே கடை. கடைக்கு வாடகை இல்லை. முந்தி வருகிறவருக்கு முந்தி இடம் என்பதால் சித்தி நாலேகாலுக்கே வாசலில் நிற்பார், ஏனென்றால் நுழைவு வாசலுக்குப் பக்கத்துக் கடைக்கும் கடைசி வரிசைக் கடைக்கும் வியாபாரத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

இரண்டாவது தராசு. மின்னணுத் தராசை அங்கேயே கொடுப்பார்கள், அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு போகும்போது திருப்பித் தர வேண்டும். சாதாரண விஷயம் போலத் தெரியும். ஆனால் பத்துக் கிலோ காய் விற்க வருகிறவர் தராசு வாங்கி, முத்திரை வைத்து, தூக்கிக்கொண்டு பஸ்சில் வருவாரா? தராசு வாங்க வக்கில்லாததாலேயே காயைக் குத்துமதிப்பாகக் கொடுத்து ஏமாந்த பாட்டிகளை நான் வாரச் சந்தையில் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது விலைப் பலகை. விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டில் என்ன விலை, வெளிக் கடைகளில் என்ன விலை என்று விசாரித்து, விவசாயிகளையும் வைத்துக்கொண்டு சந்தை அலுவலர்கள் அன்றைய விலையை நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலையைவிட சுமார் 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட சுமார் 15 சதவீதம் குறைவு என்பது பொதுவான கணக்கு. அதைப் பலகையில் எழுதிவிடுவார்கள், கடைக்குக் கடை தொங்கும். இதுதான் உச்ச விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது, கீழே விற்கலாம். பத்தரை மணி தாண்டினால் மிஞ்சியதைக் கூறு போட்டு "கூறு பத்து ரூபா" என்று தள்ளிவிடுவார்கள், அது வேறு கணக்கு.

ஒரு உதாரணத்துக்கு வெண்டைக்காய் மண்டியில் கிலோ 20, வெளிக்கடையில் 30 என்று வைத்துக்கொள்வோம். சந்தையில் 24ல் இருந்து 25க்குள் பலகையில் ஏறும். நாற்பது கிலோவை மண்டியில் போட்டால் 800 ரூபாய், அதில் கமிஷன் 80 போக 720, கூலியும் வண்டியும் ஒரு 60 என்றால் கையில் 660. சந்தையில் விற்றால் 960. வித்தியாசம் 300 ரூபாய். ஆகா என்று தோன்றும். ஆனால் மண்டியில் காயை இறக்கிவிட்டு ஆறு மணிக்கே தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம், சந்தையில் பதினோரு மணி வரை உட்கார வேண்டும். அந்த 300ல் பெரும்பகுதி சித்தி சில்லறை வியாபாரியாக வேலை பார்த்ததற்கான கூலிதான். சந்தையைப் புகழ்ந்து எழுதுகிற யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டில் ஒரு ஆள் மிச்சம் இருந்தால்தான் இந்தச் சந்தை லாபம்.

இருந்தும் ஏன் போகிறார்? காரணம் அந்த 300 மட்டுமில்லை. தினமும் காசு வருகிறது. கீரை விதைத்து இருபத்தைந்து நாளில் அறுப்பு, வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை வரும் மஞ்சள் காசுக்கும் நாள் விட்டு நாள் வரும் கீரைக் காசுக்கும் உள்ள வித்தியாசம், ஜூன் மாதத்தில் மண்டி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை என்பது. முன்பணம் வாங்காத விவசாயி எங்கே விற்பது என்பதைத் தானே முடிவு செய்யலாம். சித்தி இன்றைக்கும் சில நாள் மண்டிக்குக் காய் போடுகிறார், கத்தரி ஒரேயடியாகக் காய்த்துத் தள்ளும்போது. ஆனால் அது அவர் இஷ்டம்.

முந்தின நாள் சாயங்காலம்

ஒரு தடவை கூடவே இருந்து பார்த்தேன். நாலு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் கீரை அறுப்பு. வேரோடு பிடுங்குவது தண்டுக்கீரைக்கு, அரைக்கீரையை அடியில் கொஞ்சம் விட்டு அறுத்தால் மறுபடி தழையும். ஒரு கைப்பிடி எடுத்து, பழுத்த இலையைத் தட்டிவிட்டு, வாழை நாரில் ரெண்டு சுற்று. ரப்பர் பேண்ட் போட்டால் தண்டு நசுங்கிக் காலையில் கறுத்துவிடும் என்றார். கட்டியதைத் தலைகீழாக அடுக்கி, தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கைப் போர்த்தி வைத்தார். வெண்டையைக் காம்போடு ஒடிக்க வேண்டும், விரல் நீளத்துக்கு மேல் போனதை மறுபேச்சில்லாமல் ஆட்டுக்குப் போட்டுவிடுகிறார். "நுனிய ஒடிச்சுப் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க, ஒரு முத்தல் சிக்குச்சுன்னா அடுத்த கடைக்குப் போயிருவாங்க." இந்தத் தரக் கட்டுப்பாட்டுக்கு எந்தச் சான்றிதழும் கிடையாது.

காலையில் முதல் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சித்திக்கு டிக்கெட் செலவில்லை. கூடைக்கு லக்கேஜ் கேட்பதும் கேட்காததும் அன்றைக்கு வருகிற நடத்துநர் மனசைப் பொறுத்தது. உழவர் சந்தைகள் ஆரம்பித்த புதிதில் காய்ச் சுமைக்குக் கட்டணமில்லாத பஸ் வசதி இருந்ததைச் சந்தையில் பழைய ஆட்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். நாலு கூடைக்கு மேல் என்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு சேர்ந்து ஆட்டோ.

சந்தையில் அவரைச் சுற்றி ஒரு பத்திருபது நிரந்தர வாடிக்கை. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தினமும் ஒயர் கூடையோடு ஆறு மணிக்கு வந்துவிடுகிறார், அகத்திக்கீரை இருக்கிறதா என்று மட்டும் கேட்பார். அகத்தி முதலில் ஆட்டுக்காகத்தான் வேலியில் இருந்தது. மூன்று பேர் கேட்டதால் கடைக்கு வந்தது. மணத்தக்காளியும் அப்படித்தான், வயிற்றுப்புண்ணுக்கு என்று ஒரு அம்மா கேட்டுக் கேட்டு ஒரு பாத்தி ஆனது. பதினாலு பயிர் வந்த வழி இது. நேருக்கு நேர் நின்று கேட்கிற ஆள் இருந்தால் தோட்டம் அகலமாகும். லாரிக்குப் போகிற தோட்டம் அப்படி ஆவதற்கு வழியே இல்லை.

கோயம்பேடும் பஸ் ஸ்டாண்டும்

தாக்குப்பிடிப்பது என்பதை இரண்டு சமயங்களில் கண்ணால் பார்த்தேன்.

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது, இயல்பைவிட 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. சித்தி கிணறு அடி தெரிந்தது. அவர் செய்தது, தோட்டத்தைச் சுருக்கிக்கொண்டார். ஒன்றேகால் ஏக்கரைத் தரிசாக விட்டுவிட்டு, ஐம்பது சென்ட்டில் கீரையும் கொத்தவரையும் முருங்கையும் மட்டும். குளிக்கிற தண்ணீர், பாத்திரம் கழுவுகிற தண்ணீர் எல்லாம் முருங்கைக்கு. அந்த வருஷம் வரத்து குறைந்து கீரைக் கட்டு விலை ஏறியிருந்ததால் பாதி நிலத்துக்கும் குறைவாகப் போட்டும் வீட்டுச் செலவு ஓடியது. மஞ்சளை இப்படிச் சுருக்க முடியாது. ஒன்பது மாசப் பயிரில் ஆறாவது மாசம் தண்ணீர் இல்லையென்றால் போட்ட முதல் முழுக்கக் காலி.

இரண்டாவது 2020. ஊரடங்கு வந்ததும் உழவர் சந்தைகளில் நெரிசல் கூடாதென்று பல ஊர்களில் அவற்றைப் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் பிரித்து மாற்றினார்கள். பஸ் ஓடாத பஸ் ஸ்டாண்டில் சுண்ணாம்புக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு விவசாயி. சித்தி மகனின் பைக்கில் கூடை கட்டிக்கொண்டு போனார். வியாபாரம் நிற்கவில்லை. அதே நேரத்தில் சென்னையைப் பாருங்கள். 1996ல் திறந்த கோயம்பேடு, கிட்டத்தட்ட 295 ஏக்கர் வளாகம், 3,000க்கு மேல் கடைகள், நகரத்தின் காய்கறி மொத்தமும் அந்த ஒரே வாசல் வழியாக. ஏப்ரல் கடைசியில் அங்கே தொற்று பரவி, ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாகக் கடலூர், அரியலூர், விழுப்புரம் வரை போனது. மே 5ம் தேதி மார்க்கெட்டை மூடித் திருமழிசைக்கு மாற்றினார்கள், காய்கறிக் கடைகள் திரும்பத் திறக்க செப்டம்பர் கடைசி ஆனது. இடையில் விலை என்ன ஆட்டம் ஆடியது என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். பெரிய மார்க்கெட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு கோடிப் பேருக்குக் கூடைக் காயை வைத்துச் சோறு போட முடியாது. ஆனால் ஒரு வாசல் அடைத்தால் இன்னொன்று இருக்க வேண்டும். சின்னச் சந்தையைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைக்க ஒரு ராத்திரி போதும்.

யாருக்கு உள்ளே இடமில்லை

இனி குறை. முதல் குறையை சந்தைக்குப் போகிற எல்லாருமே பார்த்திருப்பார்கள். எட்டுப் பெட்டித் தக்காளி, எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், பக்கத்தில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ். ஈரோட்டுச் சமவெளியில் யாருடைய தோட்டத்தில் கேரட் விளைகிறது? மலைக் காய்க்கு என்று தனி ஏற்பாடு உண்டு, அது நியாயமானது. நான் சொல்வது அதில்லை. அட்டை ஒருவர் பெயரில், கடையில் உட்கார்ந்திருப்பது இன்னொருவர், காய் வந்தது மண்டியிலிருந்து. நான் போகிற சந்தையில் இப்படி எத்தனை கடை என்று சித்தியிடம் கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார், நாளைக்கு அவர்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். அலுவலரிடம் ஒருமுறை நானே கேட்டேன். "எல்லாத்தையும் விரட்டிட்டா ஜனங்க வரமாட்டாங்க சார், ஒரே இடத்துல எல்லாக் காயும் வேணும்ங்கறாங்க" என்றார். கோபம்தான் வந்தது, ஆனால் யோசித்தால் நானும் அந்தக் கேரட்டை வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர்கள் சந்தைக்குள்ளேயே வருவதில்லை. அட்டைக்கு நிலத்துக்கான காகிதம் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு உழுகிறவருக்குக் காகிதம் ஏது? 1969லேயே குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. பதிவு செய்கிறேன் என்று சொன்னால் மறுநாளே நிலக்காரர் "வேற ஆளப் பாத்துக்கறேன்" என்பார். சித்தி தோட்டத்துக்குத் தெற்கே அறுபது சென்ட்டைக் குத்தகைக்குப் பிடித்து அருமையாகக் கத்தரி போடுகிற ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் காய் இன்றைக்கும் மண்டிக்குத்தான் போகிறது. மிக ஏழை விவசாயிக்குத்தான் இந்தச் சந்தை மிகத் தேவை, அவர்தான் வாசலுக்கு வெளியே. தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், நிலம் வைத்திருப்பவர்களில் 93 சதவீதம் சிறு, குறு விவசாயிகள். நிலம் இல்லாமல் உழுகிறவர்களின் கதை இந்தக் கணக்குக்குள் சரியாக வருவதே இல்லை.

தூரம் இன்னொன்று. இருபது கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு உழவர் சந்தை வரம். இதே ஈரோடு மாவட்டத்தில் தாளவாடி மலையில் முட்டைக்கோசும் தக்காளியும் போடுகிறவர் நூறு கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும், திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் சேர்த்து. அவருக்குக் கூடை வியாபாரம் ஆகாது. அவருக்கு வேண்டியது நாலு பேர் சேர்ந்து பிடிக்கிற வண்டியும் கீழே ஒரு குளிர்பதன அறையும்.

அப்புறம் அரசியல். 2001ல் ஆட்சி மாறியதும் சந்தைகள் கேட்பாரற்றுப் போயின, சில மூடப்பட்டன. 2006ல் மறுபடி ஆட்சி மாறியதும் மறுபடி உயிர் வந்தது. அந்த ஐந்து வருஷமும் தாக்குப்பிடித்த சந்தைகளைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். நகரத்தின் நடுவில், குடியிருப்புகளுக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்தவை நின்றன. ஊருக்கு வெளியே புறம்போக்கு கிடைத்த இடத்தில் கட்டியவை ஆடு படுக்கிற கொட்டகையாகிவிட்டன. இடம் பார்ப்பதில் செய்கிற கஞ்சத்தனத்தைப் பிறகு எந்த மானியமும் ஈடுகட்டாது.

விலைப் பலகையும் எல்லா நாளும் நியாயம் செய்துவிடாது. மண்டி விலையோடு கட்டிப்போட்ட விலைதானே அது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சந்தைப் பலகையும் கூடவே ஏறியது. சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசு விற்க வேண்டி வந்தது. அதேபோல மண்டியில் விலை தரைக்கு வந்தால் பலகையும் தரைக்கு வரும், 20 சதவீதம் கூட என்பது ஐந்து ரூபாயில் ஒரு ரூபாய். விளைவிக்க ஆன செலவு அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. பறிக்க வருகிற பெண்களின் கூலியும் இல்லை. சித்தி அவர்களுக்குக் கூலியைக் குறைப்பதில்லை, பறிப்பைத் தள்ளிப்போடுகிறார். அதனால் அவர்களுக்கு வேலை நாள் குறைகிறது.

இன்னும் யார் வாங்கலாம்

வாங்குகிற ஆளை அதிகமாக்குவதுதான் அடுத்த படி என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது சில சந்தைகளில் மாலை நேரத்தில் சிறுதானியம், பருப்பு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் பொருள்கள் விற்க இடம் கொடுக்கிறார்கள், நல்லது. வேலைக்குப் போகிறவர்கள் காலை ஆறு மணிக்கு எங்கே வருவது? ஆனால் என் மனதில் இருப்பது வேறு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் காய்கறி சாம்பார் இருக்கிறது, சத்துணவில் இருக்கிறது, அங்கன்வாடியில் இருக்கிறது. அரசே தினமும் காய் வாங்குகிறது, சின்னச் சின்ன அளவில், ஊர் ஊராக. பத்துக் கிலோ வெண்டைக்காயைக் கேட்கிற வாடிக்கைக்காரர் இதைவிட யார்? பிரேசிலில் 2009ல் ஒரு சட்டமே போட்டார்கள், பள்ளி உணவுக்கு மத்திய அரசு கொடுக்கிற பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்தே வாங்க வேண்டும் என்று. அங்கே அது சுலபமாக நடந்துவிடவில்லை, ரசீது, போக்குவரத்து, தரம் என்று ஆயிரம் இடைஞ்சல். நம்மிடம் அதில் பாதி வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது. அட்டை இருக்கிறது, அன்றைய விலை பலகையில் இருக்கிறது, எடை போடத் தராசு இருக்கிறது. சத்துணவு அமைப்பாளர் சந்தைக்கு வந்து பலகை விலையில் வாங்கிக்கொண்டு ரசீது பெறுகிற மாதிரி ஒரு உத்தரவு போதும். குத்தகைக்காரர் விஷயத்துக்கும் பெரிய சட்டம் தேவையில்லை. நிலக்காரர் யார் என்று எழுதாமல், இந்தப் பயிரைப் போட்டவர் இவர்தான் என்று மட்டும் தோட்டத்துக்கு வந்து பார்த்து எழுதினால் போதும். அட்டை நிலத்துக்கா, விளைவிக்கிற கைக்கா என்பதுதான் கேள்வி.

சித்தியின் அட்டையைப் புதுப்பிக்க இந்த வருஷம் ஒரு இளம் அலுவலர் தோட்டத்துக்கு வந்திருந்தார். படிவத்தில் பயிர், பரப்பு என்று எழுத நாலு கோடு. வெண்டை இருபது சென்ட், கத்தரி பதினைந்து என்று ஆரம்பித்தவர் நாலாவது கோட்டில் கொத்தவரையோடு நின்றுவிட்டார். சித்தி விடவில்லை, பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் புடலையைக் காட்டினார், கீரைப் பாத்தியைக் காட்டினார், வேலி வரைக்கும் போய் அகத்தியைக் காட்டினார். அலுவலர் பேனாவால் தலையைச் சொறிந்துகொண்டே, "அம்மா, மெயின் பயிர் எதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சித்தி கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பார்த்தார்.

"நாளைக்கு எது வித்துதுன்னு சாயங்காலமாச் சொல்றேன் சாமி."